மெல்லத் தடவினால் இதயத்துடிப்பு உண்மையிலேயே குறையுமா, இல்லை மனப்பிரமையா?

உண்மையிலேயே குறையும். ஆனால் எப்படித் தொடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கிளிநொச்சிப் பக்கம் குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் தாதி நான். தினமும் பார்ப்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முடியுள்ள தோலில், மென்மையான தடவலை உணரவென்றே மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில், தோலின் சூடுள்ள கை ஊர்ந்தால் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். அவசரமாக உரசினாலோ, குளிர்ந்த கை பட்டாலோ அவ்வளவாக அசையாது. அந்த இதமான உணர்வில் உடல் பதற்றம் தணியும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகசு நரம்பு துடிப்பை மெல்ல இறக்குகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், பிள்ளையைத் தாய் தகப்பனின் வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பைப் பாருங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே என்ற வைத்தியர் தொடங்கியது. எங்கள் வைத்தியசாலை விடுதியில் அக்கராயன் பக்கத்து அப்பா ஒருவர், அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து இயலாமல் கிடக்க, பிள்ளையை வாங்கத் தயங்கினார். "மண்வெட்டி பிடிச்ச கை மிஸி, பிள்ளைக்கு நோகும்" என்றார். கை வேண்டாம் அண்ணை, நெஞ்சு போதும் என்று சேட்டைக் கழற்றச் சொல்லி, பிள்ளையை நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிட்டேன். அழுகையில் 170ஐத் தாண்டி நின்ற துடிப்பு கொஞ்ச நேரத்தில் 140க்கு வந்தது. அவருடைய மூச்சும் ஆறுதலாகிவிட்டது. அதுதான் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம்.

இது வெறும் ஆறுதல் வேலையுமில்லை. இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. நிறை குறைந்த பிள்ளைகளைப் பிறந்த கையோடு நெஞ்சில் வைத்தபோது, முதல் 28 நாட்களில் இறப்பு கால்வாசி குறைந்திருந்தது. "கைச்சூடு பழக்காதை, பிறகு கீழை கிடவாது" என்று தடுக்கும் அம்மம்மாமாருக்கு இதைத்தான் சொல்லுவேன்.

சூடு வேறு விசயம். வெதுவெதுப்பு இளக்கும், கடும் சூடு துடிப்பைக் கூட்டும். தோலின் இரத்தக்குழாய்கள் விரிய, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்ட வேண்டிவரும். சித்திரை வெயிலில் பஸ்ஸால் இறங்கி வரும் வயதானவர்களை முதலில் நிழலில் இருத்திவிட்டுத்தான் பிறஷர் பார்ப்போம். நீரிழிவால் கால் விறைத்தவர்களுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கவே வேண்டாம், வெந்தாலும் தெரியாது.

இன்னொன்று. விருப்பமில்லாதவரைத் தொட்டால் துடிப்பு ஏறும். சண்டைக்காலத்தைக் கடந்து வந்த சிலர், பின்னால் கை வைத்தாலே திடுக்கிடுவார்கள். முன்னால் வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேட்டுவிட்டுத் தொடுங்கள்.