வாசகர் கேள்வி – பதில்: தீவுப் பள்ளிகளின் முதல்வர்கள் எங்கே பயிற்சி பெறுகிறார்கள்?

கேள்வி: என் மகள் மாலத்தீவில், தலைநகருக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு தீவுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறாள். அவளுடைய பள்ளி முதல்வர் மிகவும் இளையவராம். அவ்வளவு சிறிய நாட்டில் பள்ளியை நடத்துவதற்கென்று ஒருவர் எங்கே பயிற்சி பெற முடியும்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் அந்நாட்டின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 1,190 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. அவற்றுள் பலவற்றில் ஒரே ஒரு பள்ளிதான் உண்டு. நம் ஊரில் ஒரு தலைமையாசிரியர் தொழிலைப் பாதிக்குமேல் கற்றுக்கொள்வது பயிற்சி வகுப்பில் அல்ல, வட்டாரக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது மூத்தவர்களிடம்தான். உங்கள் மகளின் முதல்வருக்கு அந்த வாய்ப்பே இல்லை. இன்னொரு முதல்வரைச் சந்திக்க அவர் படகேற வேண்டும்.

மூத்த ஆசிரியர்களைப் படிப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவது சிறிய நாடுகள் பலவற்றில் நெடுநாள் வழக்கம். பத்து, பதினைந்து ஆசிரியர்களே உள்ள பள்ளியிலிருந்து பொறுப்பான ஒருவர் ஓராண்டு விலகினால் பள்ளி தள்ளாடும். திரும்பி வருபவரும் பெரும்பாலும் தம் தீவுக்கு வருவதில்லை. படித்தவர்கள் அரிதாக இருக்கும் நாட்டில் அமைச்சகமே அவரைத் தலைநகரில் இருத்திக்கொள்ளும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

இதற்கு மாற்றாகப் பயிற்சியைத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லும் முயற்சிகள் அங்கே நடந்திருக்கின்றன. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின், யுனிசெஃப் உதவியோடு 20 பவளத்தீவுக் கூட்டங்களில் இணைய வசதியுள்ள ஆசிரியர் வள மையங்கள் அமைக்கப்பட்டன. 2011-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற மாலத்தீவு தேசியப் பல்கலைக்கழகம் தலைநகருக்கு வெளியேயும் வளாகங்களை நடத்துகிறது; பணியில் இருப்பவர்கள் வேலையை விடாமல் படிப்பதற்காக, பாடங்களைச் சில நாட்களில் செறிவாக நடத்தி முடிக்கும் முறையும் அங்கே உண்டு. என் கணிப்பில் இதுவே சரியான திசை. ஆனால், கணித ஆசிரியை மருத்துவத்துக்காகத் திடீரென்று தலைநகர் மாலேவுக்குக் கிளம்பிவிட்டால், அன்று காலை யாரை அந்த வகுப்புக்கு அனுப்புவது என்ற சிக்கலைப் பாடத்திட்டம் தொடுவதே இல்லை. அதற்கு, ஏற்கெனவே ஒரு தீவில் முதல்வராக இருந்த ஒருவர் சில நாட்கள் உடனிருந்து வழிகாட்டுவது, எத்தனையோ சான்றிதழ்களைவிட உதவும்.

கேள்வி: உள்ளூரில் ஆள் இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து அனுபவம் மிக்க தலைமையாசிரியர்களை ஒப்பந்த அடிப்படையில் அழைத்துக்கொள்ளலாமே? இவ்வளவு சிரமம் எதற்கு?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, வகுப்பெடுக்க அழைக்கிறார்கள், இந்திய ஆசிரியர்கள் அங்கே ஏராளம். தலைமைப் பொறுப்பின் கதை வேறு. ஒப்பந்தம் முடிந்தவுடன் ஊர் திரும்புகிறவரிடம், நான்கைந்து ஆண்டுகளில் பலன் தரக்கூடிய ஒரு மாற்றத்தைத் தொடங்கச் சொல்வதில் பொருளில்லை.

இன்னொன்றும் உண்டு. சிறு நாடுகளில் மக்கள் ஒருவரையொருவர் வாழ்நாள் முழுவதும் பல நிலைகளில் சந்தித்துக்கொண்டே இருப்பதால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அனுசரித்துப் போகப் பழகிவிடுகிறார்கள் என்று புவியியலாளர் டேவிட் லோவென்தால் எழுதியிருக்கிறார். முதல்வர் காலையில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த ஆசிரியர் அவருடைய மைத்துனராக இருக்கலாம். இரவு ஒரே வீட்டு விருந்தில் இருவரும் அடுத்தடுத்து உட்கார வேண்டியிருக்கும். முகமறியாத பெருநகரப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மேலாண்மைப் புத்தகங்களில் இதற்கு விடை கிடையாது. வெளிநாட்டவருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மையே. ஆனால் அந்த உறவுகளின் வழியாகத்தான் ஒரு பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைக்கவும் முடியும் என்பதால், தொல்லையோடு வசதியும் போய்விடுகிறது.

ஏறத்தாழ 1 லட்சம் மக்கள் வாழும் இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸ் நடுவழி ஒன்றை மேற்கொண்டது. 2000-களில் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தன் பள்ளித் தலைவர்களுக்கு முதுகலை நிலையில் படிப்பை ஏற்பாடு செய்தது. இவ்வளவு சிறிய நாட்டில், ஒரு சில அணிகள் படித்து முடித்தாலே பள்ளித் தலைவர்களில் பெரும் பகுதியினர் பயிற்சி பெற்றுவிடுவார்கள் என்பது பெரிய நாடுகளுக்கு வாய்க்காத அனுகூலம்.

கேள்வி: எல்லாவற்றையும் இணையவழியிலேயே நடத்திவிட்டால் செலவு மிச்சமாகாதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஓரளவுக்கு ஆகும். 1968-இல் தொடங்கப்பட்டு 12 நாடுகளுக்குப் பொதுவாக இயங்கும் தென் பசிபிக் பல்கலைக்கழகம், இணையம் வருவதற்கு முன்பே, 1970-களில் நாசாவின் ஒரு செயற்கைக்கோள் வழியாகத் தீவுகளுக்கிடையே தொலைநிலைக் கல்வியை முயன்று பார்த்தது. ஆகவே இது தீவுகளுக்குப் புதிய யோசனை அன்று. ஆனால் 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துக் கடலடிக் கம்பிவடம் அறுந்தபோது பசிபிக் தீவு நாடான டோங்கா ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த இணைப்பை இழந்து தவித்தது. சாம்பல் படிந்த பள்ளியை மறுபடியும் திறப்பது எப்படி என்று முதல்வர்கள் ஆலோசனை கேட்க வேண்டியிருந்த வாரங்களும் அவைதாம். பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவும், ஆண்டுக்கு ஒருமுறையாவது முதல்வர்கள் நேரில் கூடவும் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியை இணையத்துக்கு விடலாம்.