குளோன் செய்த தளத்தில் விட்ஜெட் காணாமல் போவது ஏன்

ஒரு மாதிரி வேர்ட்பிரஸ் தளத்தை வாடிக்கையாளர்கள் 15 பேருக்கு நகலெடுக்கிறேன், முதல் நகலின் எஸ்கியூஎல் கோப்பில் (தரவுத்தளத்தின் நகல்) நோட்பேடால் தள முகவரியை மாற்றினேன், விட்ஜெட்டெல்லாம் (பக்கவாட்டில், அடியில் வைக்கும் சிறு பெட்டிகள்) காலி என்கிறீர்கள். தப்பு நோட்பேடில்தான். விட்ஜெட், தீம் அமைப்புகள் சீரியலைஸ் ஆகி, அதாவது பல மதிப்புகள் ஒரே நீண்ட வரியாகக் கோக்கப்பட்டு, சேமிக்கப்படுகின்றன. அதில் ஒவ்வொரு சரத்துக்கும் (எழுத்துத் தொடருக்கும்) முன்னால் அதன் நீளமும் எண்ணாக இருக்கும். பழைய முகவரிக்கு அங்கே 19 என்றிருக்க, புது முகவரி 24 எழுத்தானால் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி அந்தப் பதிவையே படிக்க மறுத்துவிடும்.

நோட்பேடில் திருத்தாத பழைய டம்ப்பை (மூல எஸ்கியூஎல் கோப்பை) மறுபடி இம்போர்ட் செய்து, வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளையை ஓட்டுங்கள். நீளத்தையும் அதுவே திருத்திக்கொள்ளும். முதலில் டிரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள்.

மீதி 14 தளங்களுக்கும் இதையே ஸ்கிரிப்டாக்கலாம். தொடர்புப் படிவத்தின் பெறுநர் மின்னஞ்சலை மட்டும் ஒவ்வொரு தளத்திலும் கண்ணால் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கு வந்த விசாரணை இன்னொருவர் இன்பாக்ஸில் விழும். மாதிரியில் தேடுபொறிகளைத் தடுக்கும் டிக் இருந்தால் அதுவும் கூடவே வரும்; எடுத்துவிடுங்கள்.