நான்கு ரேம் ஸ்டிக், 6000 வேகம்: பழுது எங்கே?

கேள்வி: ஈரோட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 5 7600, பி650 போர்டு. 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்5 6000 சிஎல்30, எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் போர்டு செட்டிங்) ஆன் செய்து நன்றாகவே ஓடியது. 64 ஜிபி ஆக்கலாம் என்று அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினேன். அன்றிலிருந்து ரெண்டர் பாதியில் நிற்கிறது, ப்ளூ ஸ்கிரீன் வருகிறது. எக்ஸ்போவை ஆஃப் செய்தால் தொல்லை இல்லை. ஆனால் டாஸ்க் மேனேஜர் 3600 என்று காட்டுகிறது. கடையில் விண்டோஸை மாற்றிப் போட்டார்கள். இப்போது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றச் சொல்கிறார்கள். எதுதான் பழுது?

பதில்: அநேகமாக எதுவும் பழுதில்லை. எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள். எக்ஸ்போவை ஆஃப் செய்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு அவசர வேலை. இந்த விவகாரம் தீரும்வரை எக்ஸ்போ ஆஃபிலேயே இருக்கட்டும். கேமரா கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்குக்குப் போகும் ஃபைல் ரேம் வழியாகத்தான் போகிறது. நடுவில் சில பிட்கள் மாறிப்போனாலும் காப்பி முடிந்தது என்றுதான் விண்டோஸ் சொல்லும். தகராறு இருந்த நாட்களில் காப்பி எடுத்த கார்டுகள் இன்னும் ஃபார்மட் ஆகாமல் இருந்தால், திரும்ப ஒருமுறை காப்பி எடுத்துவிடுங்கள்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 6000, ரேம் கம்பெனி சொல்லும் எண். உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி எழுதிக் கொடுத்திருப்பது வேறு: இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. நீங்கள் பார்த்த 3600 அங்கிருந்து வந்ததுதான். அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்கிளாக், அதாவது அனுமதித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. ஒரே கிளிக்கில் எக்ஸ்போ ஆன் ஆகிவிடுகிறது என்பதால் அது வேறு ஏதோ ஆகிவிடாது. ஒரு சேனலில் (பிராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் பாதையில்) இருக்கும் இரண்டு ஸ்லாட்டும் ஒரே ஒயர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டாவது ஸ்டிக் ஏறியதும் சிக்னல் அதில் மோதித் திரும்பிக் கலங்குகிறது. வேகம் கூடக்கூட, வந்தது ஒன்றா பூஜ்யமா என்று பிரித்தறிய பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு அவகாசம் போதாது.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? ரேம் கம்பெனி போர்டைக் கைகாட்டும். போர்டு கம்பெனி வேகத்தை அச்சடித்துவிட்டுப் பக்கத்திலேயே ஓசி (ஓவர்கிளாக்) என்று இரண்டெழுத்தைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும். ஏஎம்டியோ, எக்ஸ்போ போட்டால் வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறது. மூன்று பேரும் விளம்பரம் செய்த வேகத்துக்கு மூவரில் ஒருவரும் பொறுப்பில்லை! சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் எக்ஸ்போ இல்லாமல் டெஸ்ட் செய்து, பழுதில்லை என்று ஸ்லிப் ஒட்டித் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம்.

ஆகவே நீங்களே பிரித்துப் பாருங்கள். பயாஸை (போர்டின் செட்டப் திரை) டிஃபால்டுக்குக் கொண்டுவந்து, பிராசஸரின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் ஏதாவது வைத்திருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். அளவுக்கு மீறி வோல்டேஜைக் குறைத்த பிராசஸரும் ரேம் பழுது மாதிரியே நடிக்கும். மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் டெஸ்ட் மென்பொருள் இலவசம். அதைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி டெஸ்ட் இதற்குப் போதாது. முதலில் நான்கு ஸ்டிக்கும் டிஃபால்ட் வேகத்தில். இங்கே ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஓவர்கிளாக் விவகாரம் அல்ல, நிஜமான பழுது. ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடித்து வாரண்டிக்கு அனுப்புங்கள். எரர் இல்லையென்றால் பழைய ஜோடியை மட்டும், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் வைத்து எக்ஸ்போவில் ஓட்டுங்கள். பிறகு புது ஜோடியை மட்டும் அதே ஸ்லாட்டுகளில். இரண்டு ஜோடியும் தனித்தனியாகத் தேறி, சேர்த்தால் மட்டும் தடுமாறினால் நான் மேலே சொன்ன கதைதான்.

ஸ்டிக் மாற்றிய பின் முதல் பூட்டில் திரை கறுப்பாகவே நிற்கும். போர்டு ரேமை டிரெயினிங் செய்துகொண்டிருக்கிறது, அதாவது புது ஸ்டிக்குக்கு ஏற்றபடி சிக்னலைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. 64 ஜிபிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். பதறிப்போய்ப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

கடைக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அதே மாடல் என்றால் அதே சிப் என்று நம்பவைத்து இரண்டாவது ஜோடியை விற்பது அன்றாடம் நடக்கிறது. ஒரே பார்ட் நம்பருக்குள் ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் என்று சிப் மாறிக்கொண்டே இருக்கும். சிபியு-இசட் என்ற மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் நான்கு ஸ்லாட்டிலும் யார் சிப் என்று தெரியும். கோர்ஸேர் ஸ்டிக் என்றால் லேபிளில் வெர் என்பதற்குப் பின்னால் வரும் முதல் எண்ணைப் பாருங்கள்: 3 மைக்ரான், 4 சாம்சங், 5 ஹைனிக்ஸ். இதைவிட மோசம், இரண்டு தனி ஸ்டிக்கை எடுத்து ஜோடி என்று பில் போடுவது. ஜோடி என்றால் கம்பெனியிலேயே சேர்த்து டெஸ்ட் செய்து ஒரே பெட்டியில் சீல் வைத்து வரவேண்டும். பார்ட் நம்பரே காட்டிக்கொடுக்கும்: கிங்ஸ்டனில் கே2, ஜி.ஸ்கில்லில் ஜிஎக்ஸ்2. பில்லில் இரண்டு சீரியல் நம்பரும் இருக்கவேண்டும். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வாரண்டி என்று வரும்போது இரண்டையும் சேர்த்துக் கொண்டுவா என்பார்கள், அன்றைக்குத் தெரியும் இதன் அருமை. விண்டோஸ் மாற்றுவதற்குக் காசு வாங்குகிற யாராவது அதற்கு முன் ஒரு ரேம் டெஸ்ட் ஓட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள். தடுமாறும் ரேமில் விண்டோஸ் ஏற்றினால் புது விண்டோஸும் கெட்டுத்தான் ஏறும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, உங்கள் தொழிலுக்கு இது முக்கியம். ராத்திரி முழுக்க டெஸ்டில் ஒரு எரர்கூட இருக்காது. காலையில் ரெண்டர் போட்டால் அரை மணியில் விழும். டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. ரெண்டரில் அதன் அனல் மேலே இருக்கும் ரேம்மீது வீசுகிறது. நான்கு ஸ்டிக் நெருக்கி நிற்கையில் நடுவில் இருப்பவற்றுக்குக் காற்றே போகாது. சூடு ஏறினால் ரேம் செல்லில் இருக்கும் சார்ஜ் சீக்கிரம் கசியும். அந்த சார்ஜைத் திரும்ப ஏற்றும் ரிஃப்ரெஷ் வருவதற்குள் பிட் தொலைந்துவிடும். பயாஸில் எக்ஸ்போ ட்வீக்டு, ஹை பேண்ட்வித், லோ லேட்டன்சி என்று ஏதாவது ஆன் ஆகியிருந்தால், டைமிங்கை மேலும் இறுக்கியிருப்பார்கள், ரிஃப்ரெஷையும் தள்ளிப்போட்டிருக்கலாம். முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் டிடிஆர்5 ஸ்டிக்கின் வெப்பம் தெரியும். ரெண்டரின்போது 55 டிகிரியைத் தாண்டினால் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு அதே ரெண்டரை ஓட்டுங்கள். தேறினால் பழுது காற்றோட்டத்தில். பிறகு ஸ்டிக்கை மாற்றியும் பயனில்லை.

உங்களுக்கு நிஜமாகவே 64 ஜிபி வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். புது ஜோடியைத் திருப்பிக் கொடுங்கள், பழையதையும் விற்றுவிட்டு 32 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரே ஜோடியாக வாங்குங்கள். உங்கள் போர்டு கம்பெனியின் தளத்தில் டெஸ்ட் செய்த ரேம் பட்டியல் இருக்கும். அந்தப் பார்ட் நம்பர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். திருப்பி எடுக்கமாட்டேன் என்று கடையில் அடம்பிடித்தால், பயாஸை அப்டேட் செய்து நான்கு ஸ்டிக்கையும் 4800இல் வைத்துப் பாருங்கள், தேறினால் 5200. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.4க்கு ஏற்றினால் 6000 ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகிய பிறகு ஏஎம்டியே அதற்கு 1.3 என்று உச்சவரம்பு வைத்தது.