நாசிக்கின் சூலா நிறுவன ஒயின்களில் காரச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்?

சிவப்பு ஒயின்தான் 'கெத்து' என்று நினைத்துக் காரமான மட்டனோடு ஷிராஸ் என்ற சிவப்பு வகையைத் திறந்துவிடாதீர்கள். அதிலிருக்கும் டேனின், அதாவது திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்பு, மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும். ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கு பற்றி எரியும்.

கோலாப்பூரி மட்டன் மாதிரி காரத்துக்கு என் ஓட்டு செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினுக்கு. சூலாவின் செனினில் லேசான இனிப்பு உண்டு, அன்னாசி வாசம் அடிக்கும். நன்றாகக் குளிரவைத்து ஒரு மடக்கு குடித்தால் காரம் அடங்கும். சோவினியோன் பிளாங்க்கும் வெள்ளை ஒயின்தான், ஆனால் வேறு ரகம்: புளிப்புத் தூக்கல், பச்சைக் குடைமிளகாயை நறுக்கியதுபோல வாசம். எலுமிச்சை பிழிந்த வறுத்த மீன், கொத்தமல்லி வடை இவற்றோடு சரியாக இருக்கும். 2000-இல் சூலா முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இந்த இரண்டு வகைகளைத்தான்.

சரி, ஷிராஸை என்ன செய்வது? காரம் குறைவான கபாப், சுட்ட கறி. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து ஊற்றுங்கள். நம் ஊர் அறை வெப்பம் அதற்கு ரொம்ப அதிகம்.

அப்புறம், நாசிக்கில் திராட்சை அறுவடையைப் பார்க்க ஆசையென்றால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போங்கள். மழைக்காலத்தைத் தவிர்ப்பதற்காக அங்கே குளிர்காலத்தில்தான் பழுக்க விடுகிறார்கள்.