பத்து வயதில் சோம்பல் கண்: பட்டையா, சொட்டு மருந்தா?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில்தான் இடது கண்ணில் சோம்பல் கண் (மூளை அந்தக் கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாமல் பார்வை குறைவது) இருப்பது தெரிந்தது. அந்தக் கண்ணில் 6/24, வலது கண்ணில் 6/6, அதாவது முழுப் பார்வை. ஒரு டாக்டர் கண்ணாடி கொடுத்து, நன்றாகத் தெரியும் வலது கண்ணை மறைத்துப் பட்டை ஒட்டச் சொன்னார். இன்னொருவர் சொட்டு மருந்தே போதும் என்கிறார். ஒரு மையத்தில் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். என் நாத்தனாரோ, ‘எட்டு வயசுக்கு மேல எதுவும் பலிக்காது’ என்கிறார். எதைச் செய்வது?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வதைக் கண் டாக்டர்களே ஒரு காலத்தில் சொன்னதுண்டு. 2005-இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 507 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு அதை மாற்றியது. 7 முதல் 12 வயதுக்காரர்களில், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம் பேருக்குப் பார்வை அட்டையில் இரண்டு வரியாவது கூடியது. கண்ணாடியோடு பட்டையும் சொட்டு மருந்தும் சேர்த்தவர்களில் 53 சதவீதம். ஆனால் பலருக்குக் கொஞ்சம் குறை மிஞ்சவே செய்தது. அதனால் 6/6 வந்தே தீரும் என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கண்ணாடி. அது வெறும் தொடக்கம் இல்லை, அதுவே சிகிச்சை. மங்கலாக வரும் படத்தை மூளை ஒதுக்கிவைத்துப் பழகியிருக்கிறது. சரியான பவர் போட்டால்தான் அந்தக் கண்ணிலிருந்து தெளிவான படம் போய்ச் சேரும். தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் பட்டையா, சொட்டு மருந்தா? இரண்டுமே நல்ல கண்ணைச் சற்று ஒதுக்கி, சோம்பல் கண்ணை வேலை செய்ய வைப்பவை. இதே வயதுப் பிள்ளைகள் 193 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 2 மணி நேரம் பட்டை; இன்னொன்றுக்கு வார இறுதியில் மட்டும் அட்ரோப்பின் என்ற சொட்டு மருந்து. 17 வாரம் கழித்து இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றரை வரி கூடியிருந்தது. ஆக, எது உயர்ந்தது என்பதைவிட, உங்கள் வீட்டில் எது தொடர்ந்து நடக்கும் என்பதே கேள்வி.

அட்ரோப்பினை நல்ல கண்ணில் விடுவார்கள். அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவை மங்கலாகத் தெரியும், வெயில் கூசும்; உங்கள் ஊர் வெயிலுக்குத் தொப்பி அவசியம். விட்டதும் மூக்கோரக் கண் முனையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். முகம் சிவந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். குப்பி சின்னப் பிள்ளைகள் கையில் கிடைக்கவே கூடாது, விழுங்கினால் விஷம். நல்ல கண்ணில் மைனஸ் பவர் இருந்தால் இது அவ்வளவாக எடுபடாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணாலேயே படித்துவிடுவாள்!

பரீட்சை வந்தால் பட்டையைக் கழற்றிவிடலாம். உள்ளே போன மருந்தை எடுக்க முடியாது. அதனால் பத்து வயதுப் பெண்ணுக்கு நான் பட்டையில்தான் தொடங்குவேன். கண்ணாடி மேல் ஒட்டினால் ஓரத்தில் எட்டிப் பார்ப்பாள், தோலில் ஒட்டுங்கள். பள்ளிக்குப் போட்டு அனுப்பி மற்ற பிள்ளைகளின் கேலிக்கு ஆளாக்க வேண்டாம். மாலையில் வீட்டுப்பாடம் எழுதும்போது, படம் வரையும்போது போட்டால் போதும். தோல் அரித்துத் தடித்தால் பட்டையின் வகையை மாற்றிப் பாருங்கள். பட்டைக்கு அவள் மசியவே இல்லையென்றால் சொட்டு மருந்துக்கு மாறுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் பயிற்சிக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். இரு கண்ணையும் சேர்த்துப் பழக்கும் ஐபேட் விளையாட்டை 2016-இல் பட்டையோடு ஒப்பிட்டபோது, அது பட்டை அளவுக்குப் பலன் தரவில்லை. பல பிள்ளைகள் சீக்கிரமே அலுத்து விட்டுவிட்டார்கள். 7 முதல் 12 வயதினரிடம் இன்னொரு விளையாட்டைச் சோதித்த 2019 ஆய்வில், கண்ணாடி மட்டும் போட்டவர்களைவிட விளையாடியவர்களுக்குக் கூடுதல் முன்னேற்றம் எதுவும் இல்லை. புதிய கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் பட்டையை விட்டுவிட்டு அதற்குப் போகும் நிலை உங்கள் மகளுக்கு இல்லை.

சில வாரங்களுக்கு ஒருமுறை இரண்டு கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். பார்வை கூடியதும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம், டாக்டர் சொன்னபடி குறையுங்கள். புதுக் கண்ணாடி வாங்கும்போது எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸாகக் கேளுங்கள். நன்றாகத் தெரியும் கண் இப்போதைக்கு அவளுக்கு ஒன்றுதான். அதில் பந்து படக் கூடாது.