வானம் பார்த்த வாசல்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மஞ்சூர்க்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருஷம் ஃபிட்டர். இப்போது ஓய்வு, ராத்திரியில் மட்டும் வேலை.)

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், ‘525 மடங்கு’ என்று பெட்டியில் போட்ட டெலஸ்கோப்பைக் கேட்டு அடம்பிடிக்கிறான். கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, குன்னூர்

வேண்டாம்மா. அந்த 525 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கண்ணாடியின் அகலம் 76 மி.மீ., குவியத் தூரம் 700 மி.மீ. என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கூடவே கண் வைத்துப் பார்க்கும் 4 மி.மீ. ஐபீஸ் ஒன்றும், உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும். 700-ஐ நாலால் வகுத்தால் 175. மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் ஒரு டெலஸ்கோப் எவ்வளவு உருப்பெருக்கம் தாங்கும் என்பது அதன் வாய் அகலத்தைப் பொறுத்தது. மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே உச்சம். 76-க்கு 152. அதற்கு மேல் போனால், ஒரே டீத்தூளில் மூணாம் தண்ணி ஊற்றின கதைதான். டம்ளர் நிறையும், சாறு இருக்காது.

அதைவிடப் பெரிய கோளாறு காலில் இருக்கிறது. டெலஸ்கோப் வாங்குகிறவர்கள் குழாயைத் தடவிப் பார்ப்பார்கள், லென்ஸில் முகம் பார்ப்பார்கள். ட்ரைபாட் காலை யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. 1994 ஜூலையில் ஷூமேக்கர்–லெவி வால்நட்சத்திரம் துண்டு துண்டாக வியாழன் மேல் விழப்போகிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, சீட்டு எடுத்த பணத்தில் 60 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். 16-ஆம் தேதியிலிருந்து 22 வரைக்கும் அங்கே விழுந்துகொண்டே இருந்தது. இங்கே மழையும் மூட்டமும். மஞ்சூரில் ஜூலை மாசம் பக்கத்து வீட்டு விளக்கே தெரியாது, வியாழன் எங்கே தெரியும்!

மழை விட்டபிறகு ஒருநாள் சனியைப் பிடித்தேன். ஃபோகஸ் திருகைத் தொட்டால் ஜுரம் கண்டவன் கை மாதிரி சனி நடுங்கியது. கையை எடுத்துவிட்டு எட்டு எண்ணினால் நிற்கும். நின்றதும்தான் ஃபோகஸ் சரியில்லை என்று தெரியும். மறுபடி தொடு, மறுபடி எட்டு. இப்படியே ஒரு சீசன் போனது. அடுத்த வருஷம் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ஆறு இஞ்ச் இரும்புக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, முற்றத்தில் மூன்றடி ஆழம் தோண்டி நட்டு, உள்ளே சிமென்ட் நிரப்பி, தலையில் தகடு வைத்து போல்ட் போட்டேன். அதே 60 மி.மீ. லென்ஸ்தான். ஆனால் அன்றைக்குத்தான் அதை வாங்கின மாதிரி இருந்தது.

உங்கள் மகனுக்கு இப்போது ஒரு 10×50 பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். மதில் மேல் முழங்கையை ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நாலு நிலாக்கள், அறுமீன் என்று நாம் சொல்லும் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறுக்குப் பதில் சில டஜன் எல்லாம் கிடைக்கும். ஒரு வருஷம் கழித்தும் அவன் ராத்திரி வாசலுக்குப் போகிறான் என்றால், மிச்சப் பணத்தோடு இன்னும் சேர்த்து 130 அல்லது 150 மி.மீ. டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்குங்கள். மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும், கால் கிடையாது, ஆட்டமும் கிடையாது. 150 மி.மீ. கண்ணாடி அந்த 76-ஐப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வெளிச்சம் அள்ளும்.

நீங்கள் சொன்ன 150 மி.மீ. டாப்சோனியனையே வாங்கினேன். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் போட்டோவில் சிவப்பும் ஊதாவுமாக ஜொலிக்கிறது. எனக்குத் தெரிவது சாம்பல் பூசின மாதிரி ஒரு தீற்றல். ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், கோத்தகிரி

இல்லை. கேமரா பல நிமிஷம் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கும். கண்ணுக்கு அந்த வசதி இல்லை. மங்கல் வெளிச்சத்தில் நம் கண் நிறம் பார்க்காது, கறுப்பு வெள்ளைதான். ஆனால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வாசல் லைட்டை அணைத்துவிட்டு அரை மணி நேரம் இருட்டில் இருந்தீர்களா? நடுவில் செல்போனைப் பார்த்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு 25 மி.மீ. ஐபீஸ் போட்டு, நெபுலாவை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். தீற்றல் மெல்ல விரியும், இரண்டு பக்கமும் இறக்கை முளைக்கும். அப்புறம் 10 மி.மீ. மாற்றினால், அந்தப் பஞ்சுக்கு நடுவே நாலு ஊசிமுனை நெருங்கி நிற்கும். அந்த நாலு நட்சத்திரங்களின் வெளிச்சத்தில்தான் அவ்வளவு பெரிய மேகமும் ஒளிர்கிறது. முக்கியமாக, அவற்றிலும் மிகப் பிரகாசமான ஒன்றினால். எனக்கு எந்த போட்டோவையும்விட அந்த நாலுதான் பிடிக்கும்.

லென்ஸில் சிலந்திவலை மாதிரி வெள்ளைக் கோடுகள். துணியால் எவ்வளவு துடைத்தும் போகவில்லை.
– வாசகர், கொடைக்கானல்

முதலில் துடைப்பதை நிறுத்துங்கள். அது பூஞ்சை. அது கக்கும் அமிலம் பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரிக்கும். துணியில் இருக்கும் தூசி மிச்சத்தைக் கீறிவிடும். உள்பக்கம் என்றால் நீங்கள் பிரிக்கவே வேண்டாம். இரண்டு கண்ணாடிகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதுதான் லென்ஸ். திருப்பி மாட்டினால் தீர்ந்தது. கேமரா ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பூஞ்சை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன். ராத்திரி ஒரு மணிக்குக் குளிரில் விறைத்து, பனி கோத்த லென்ஸுக்கு மூடி போட்டு, பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டீர்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி. வெளியிலேயே மூடி போட்டு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். குழாய் அறைச் சூட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து காயவிடுங்கள். காய்ந்த பிறகுதான் பெட்டி. எங்கள் வேலையில் டிரையரிலிருந்து வரும் தூளின் ஈரத்துக்கு எத்தனை கவனம்! கொஞ்சம் கூடினாலும் மூட்டையில் பூஞ்சைதான். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வையுங்கள். நீல முத்து ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். மெல்லச் சூடாக்கினால் நீலம் திரும்பும். அதற்குத் தனிச்சட்டி வையுங்கள், தோசைக்கல்லில் வேண்டாம். பார்க்கும்போது லென்ஸ் பனிக்காமல் இருக்க, கறுப்பு அட்டையைச் சுருட்டி முன்னால் நீட்டிவிட்டால் போதும். நீளம் லென்ஸ் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு.

ஈக்வடோரியல் மவுண்ட் (வானம் சுழலும் போக்கிலேயே டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கி) வாங்கினேன். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்கிறது கையேடு. எங்கள் வீட்டுக்கு வடக்கே மலை.
– கல்லூரி மாணவர், ஊட்டி

தம்பி, கையேடு எழுதினவர் ஐம்பது டிகிரி வடக்கே உட்கார்ந்து எழுதியிருப்பார். நாம் இருப்பது 11 டிகிரி. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி மடக்கின முஷ்டியை விடக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நீலகிரியில் அதை மறைக்க மலைகூட வேண்டாம், ஒரு சவுக்கு மரம் போதும். திசைகாட்டி வைத்து வடக்கு பாருங்கள். நம் ஊரில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் கண்ணால் பார்ப்பவருக்குப் பொருட்டே இல்லை. மவுண்டின் அச்சை 11-க்கு இறக்குங்கள். சில மவுண்ட் அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் எதிர் எடை ட்ரைபாட் காலில் முட்டும். அதைக் கடையிலேயே பார்த்திருக்க வேண்டும். பார்த்தீர்களா, மறுபடியும் கால்.

இந்த மவுண்ட் எதற்கு என்று புரிய, நீங்கள் ஊட்டி பக்கத்து முத்தோரைக்குப் போய்வந்தால் போதும். அங்கே இருக்கும் ரேடியோ டெலஸ்கோப் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் வேலை செய்யத் தொடங்கியது. வடக்கு தெற்காக 11 டிகிரி சரிவு உள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் படுக்க வைத்தார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. இனி அந்த ஓர் அச்சில் சுழற்றினால் போதும், ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். 24 சட்டங்கள், 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். முதல் தடவை பார்த்தபோது நான் வானத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. மலையையே மவுண்டாக்கின ஃபிட்டர் வேலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டெலஸ்கோப்போடு ‘சூரியன்’ என்று எழுதின சிறிய கறுப்புக் கண்ணாடி வந்திருக்கிறது. ஐபீஸில் திருகி மாணவர்களுக்குக் காட்டலாமா?
– ஆசிரியர், கூடலூர்

கூடாது. இன்றைக்கே சுத்தியலால் உடைத்துவிடுங்கள், வேறு யார் கைக்கும் போகக்கூடாது. டெலஸ்கோப் குவிக்கும் சூடு முழுக்க அதன் மேல் விழும். வெடித்தால் அடுத்த நொடி கண். சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும், காற்றுக்குக் கழன்று விழாதபடி. குறிபார்க்கும் சிறு குழாயான ஃபைண்டருக்கும் மூடி போடுங்கள், பிள்ளைகள் அதில்தான் முதலில் கண் வைப்பார்கள். எக்ஸ்ரே ஃபிலிமும் வேண்டாம். 2019 டிசம்பர் 26-இல் ஊட்டிக்கு வளையக் கிரகணம் வந்தபோது எத்தனை பேர் கையில் அதைப் பார்த்தேன்! 2031 மே 21 அன்று தென் தமிழகத்துக்கு அடுத்த வளையம் வருகிறது. அதற்குள் நல்ல ஃபில்டர் ஒன்று பள்ளிக்கு வாங்கிவிடலாம்.

வானம் நன்றாக இருக்கும் ராத்திரிகளில்தான் காட்டெருமையும் வருகிறது. உங்களுக்குப் பயமில்லையா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, மஞ்சூர் அருகே

இருக்கிறது. தேயிலைக்குள் நின்று பார்க்கவே மாட்டேன். வீட்டுக் கதவு எனக்குப் பத்தடியில் திறந்திருக்கும். சைக்கிள் டேஞ்சர் லைட்டின் சிவப்புக் கண்ணாடியை டார்ச்சில் ஒட்டி வைத்திருக்கிறேன், கண்ணும் கூசாது, வழியும் தெரியும். மாடியோ போர்ட்டிகோவோ இருந்தால் நீங்கள் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். செடி முறியும் சத்தமோ பெருமூச்சோ கேட்டால் டெலஸ்கோப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும். பொருள் போனால் வாங்கலாம்.

போன பிப்ரவரியில் அப்படித்தான் விட்டுவிட்டு ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒற்றைக் கொம்பன் ஒன்று, என் சிமென்ட் குழாயில் கழுத்தைச் சாய்த்து நிதானமாக அரிப்பைத் தீர்த்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் தேய்த்துவிட்டுப் போனது. வெளியே வந்து ஐபீஸில் கண் வைத்தேன். குழாய்மட்டும் கிழக்கே திரும்பியிருந்தது; தூண் ஒரு நூல்கூட அசையவில்லை.