முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவமாக அமையுமா?

கேள்வி: தேவகோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 28. மூன்றரை ஆண்டுகளுக்கு முன், குழந்தையின் தலை மேலே இருந்ததால் சிசேரியன் செய்தார்கள். இப்போது எட்டாம் மாதம். இம்முறை தலை கீழே திரும்பிவிட்டதாக ஸ்கேனில் சொன்னார்கள். சுகப்பிரசவத்துக்கு முயல எனக்கு ஆசை. 'ஒரு முறை கத்தி வைத்தால் மறுமுறையும் கத்திதான்' என்று சொல்லும் மாமியார், ஜோசியரிடம் நாளும் குறித்து வந்துவிட்டார். எட்டுப் பிள்ளைகளை வளவு வீட்டிலேயே பெற்ற என் ஆயா, பயப்படாதே என்கிறார். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மாமியாரையும் ஆயாவையும் கேட்பதற்கு முன், முதல் பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டையைப் பீரோவிலிருந்து தேடி எடுங்கள். கர்ப்பப்பையில் எந்த இடத்தில், எந்த வாக்கில் வெட்டித் தைத்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முதல் விடை. வயிற்றின் மேல்தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. தோலில் குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் வெட்டியிருக்கக்கூடும். பெரும்பாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் வெட்டுவார்கள். அந்த இடத்துத் தையல், பிரசவ வலியைத் தாங்கக்கூடியது. மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் சுகப்பிரசவ முயற்சியே கூடாது. மாதம் நிறைவதற்கு முன்பே, தலை மேலாக இருந்த குழந்தையை எடுக்க நேர்ந்தவர்களுக்குச் சில வேளைகளில் அப்படி வெட்ட வேண்டியிருக்கும் என்பதால், அட்டையில் விவரம் இல்லையென்றால் அந்த மருத்துவமனையிலேயே ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மாமியார் சொன்ன வாக்கியத்தை 1916-இல் எட்வின் கிராகின் என்ற அமெரிக்க மருத்துவரும் சொன்னார். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலே நெடுக்காக வெட்டினார்கள், ஆகவே அது நியாயமான எச்சரிக்கை. வெட்டும் முறை மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் வாக்கியம் மட்டும் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது.

ஒரே ஒரு சிசேரியன், கீழ்ப்பகுதியில் குறுக்குத் தையல் என்ற நிலையில் முயல்பவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. இடுப்பெலும்பு வழியாகக் குழந்தை இறங்காமல் போனதால் அறுவை செய்துகொண்டவர்களைவிட, குழந்தை திரும்பாததால் செய்துகொண்ட உங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். இடைவெளியும் போதுமானதாக இருக்கிறது. சர்க்கரையோ, குழந்தையின் எடை மிகுதியோ இருந்தால் இந்தக் கணக்கு குறையும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தானாக வலி கண்டவர்களிலேயே ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குப் பழைய தையல் கிழிகிறது. மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். சில மருந்துகளை உங்களுக்குக் கொடுக்கவே கூடாது. தையல் கிழிந்தால் குழந்தையைச் சில நிமிடங்களில் வெளியே எடுக்க வேண்டும். சில நேரங்களில் கர்ப்பப்பையையே எடுக்க நேரிடும். பாதி வழியில் முயற்சி தோற்றுச் செய்யும் அவசர சிசேரியனில், நாள் பார்த்துச் செய்வதைவிடச் சிக்கல்கள் அதிகம்.

ஆகவே உங்கள் ஆயாவின் தைரியத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரைப் போல வீட்டிலேயே பெற வேண்டாம். அவருடைய கர்ப்பப்பையில் தழும்பு இருந்ததில்லை. இரவு இரண்டு மணிக்கும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து மருத்துவர், ரத்தம், பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆகியவை அந்தக் கட்டடத்திலேயே இருக்கும் இடத்தில்தான் நீங்கள் வலி காண வேண்டும். "ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்வோம்" என்று சொல்லும் நர்சிங் ஹோம் உங்களுக்கு ஒத்துவராது. தேவகோட்டையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும், வலி வந்தபின் புறப்படக்கூடிய தூரமன்று அது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையோ, எதை முடிவு செய்தாலும் இப்போதே அங்கே பெயரைப் பதிவு செய்துவிட்டு, 37-ஆம் வாரத்திலிருந்து அதன் அருகே உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது. பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கருவியில் கவனிப்பார்களா என்றும் கேளுங்கள். தையல் கிழிவதன் முதல் அடையாளம் பெரும்பாலும் அந்தத் துடிப்பில்தான் தெரியும். வலிக்கும் வலிக்கும் இடையே தணியாத வலி, தழும்பில் நோவு, ரத்தப்போக்கு, வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றுபோவது ஆகியவற்றை நீங்களே உடனே சொல்ல வேண்டும்.

ஜோசியர் குறித்த நாளைப் பற்றியும் ஒரு சொல். அது 39 வாரம் நிறைவதற்கு முன்னால் வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சீக்கிரம் எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம். 39 வாரத்துக்குப் பிந்தைய நாள் என்றால், அதுவரை தானாக வலி வரக் காத்திருப்பதாகவும், வராவிட்டால் அன்று சிசேரியனுக்குச் சம்மதிப்பதாகவும் மாமியாரிடம் சொல்லலாம். அவருக்கு நாளும் உங்களுக்கு வாய்ப்பும் கிடைக்கும்.

கணவரிடம் பேசும்போது, மூன்றாவது குழந்தை வேண்டுமா என்பதையும் பேசிவிடுங்கள். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் புதைந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. இரண்டோடு போதும் என்றால் இதற்கு அவ்வளவு எடை இல்லை. இப்போது நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேன் அறிக்கையில் பார்த்து, அந்த அறிக்கையையும் பழைய அட்டையையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்குப் போங்கள்.